70களின் ஆம்ப்: இடது சேனலில் சடசடப்பு, வால்யூமில் கரகரப்பு, வலதில் சத்தம் விட்டுவிட்டு. எல்லாக் கண்டென்சரையும் மாற்றணுமா?

சுருதிப்பெட்டி:

வணக்கம். 1970களில் வந்த இன்டகிரேட்டட் ஆம்ப் (ப்ரீஆம்ப்பும் பவர் ஆம்ப்பும் ஒரே பெட்டியில்) ஒன்று மேசையில் திறந்து கிடக்கிறது. முழுக்க டிரான்சிஸ்டர், ஐசி கிடையாது. பிளஸ் மைனஸ் 42 வோல்ட் சப்ளை, மெயின் ஃபில்டர் 10,000 மைக்ரோஃபாரட் இரண்டு. சேனலுக்கு ஒரு ஜோடி டிஓ-3 (உலோகக் கூடு) அவுட்புட் டிரான்சிஸ்டர், எமிட்டர் ரெசிஸ்டர் 0.47 ஓம். பின்பக்கம் ப்ரீ-அவுட்டையும் மெயின்-இன்னையும் சேர்க்கும் உலோகக் கொக்கி உண்டு. சர்வீஸ் மேனுவல் கிடைக்கவில்லை.

இடது ஸ்பீக்கரில் இடைவிடாத சடசடப்பு, நடுநடுவே "டப்". வால்யூம் பூஜ்யத்திலும் வருகிறது. 20 நிமிடம் ஓடினால் குறைகிறது, நிற்பதில்லை. அடுத்தது, வால்யூம் குமிழைத் திருப்பினால் இரண்டு பக்கமும் கரகரப்பு. காண்டாக்ட் கிளீனர் அடித்தும் போகவில்லை. மூன்றாவது, வலது சேனல் மெல்லிய ஒலியில் காணாமல் போய், வால்யூமை ஏற்றினால் திடீரெனத் திரும்புகிறது. ஸ்பீக்கரை இணைக்கும் ரிலே மட்டும் 4 விநாடியில் ஒழுங்காக "கிளிக்" அடிக்கிறது.

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அளந்த டிசி ஆஃப்செட் (சிக்னல் இல்லாதபோது ஸ்பீக்கர் முனையில் நிற்கும் டிசி): வலது 14 மில்லிவோல்ட், நிலையாக நிற்கிறது. இடது 30க்கும் 110க்கும் நடுவே அலைகிறது. மெயின் ஃபில்டர் அடியில் பழுப்பாக ஏதோ வழிந்து காய்ந்திருக்கிறது. கண்டென்சர் கிட் மொத்தமாக வாங்கி மாற்றிவிடலாமா, இல்லை வேறு எங்காவது ஆரம்பிக்க வேண்டுமா?

மாறுமின்:

கிட்டை ஓரமாக வையுங்கள். நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று தனி இடத்துக் கோளாறுகள். மொத்தமாக 60 கண்டென்சரை மாற்றினாலும் முதல் சடசடப்பு அப்படியே இருக்கும் என்றுதான் தோன்றுகிறது. அதோடு, 60 இடத்தில் சால்டர் வைத்தபின் புதுக் கோளாறு ஒன்று முளைத்தால், அது பழையதா நீங்கள் உண்டாக்கியதா என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

உள்ளே கை வைக்கும்முன் இரண்டு வேலை. மெயின் லைனில் சீரீஸ் பல்பு போடுங்கள், 60 முதல் 100 வாட் இழை பல்பு. எல்இடி பல்பு உதவாது. இழை சூடேறும்போது ரெசிஸ்டன்ஸ் ஏறுவதுதான் இங்கே காவல். சுவிட்ச் போட்டதும் பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி, பிரகாசம் குறையாமல் நின்றால் உள்ளே ஷார்ட். இன்னொன்று, ஆஃப் செய்தபின் ஃபில்டரை ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டரை இரண்டு முனையிலும் பிடியுங்கள். 10,000 மைக்ரோஃபாரட்டுக்கு நேர மாறிலி 1 விநாடி. 5 விநாடியில் 42 வோல்ட் அரை வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடும். இரண்டு ஃபில்டருக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள்.

இப்போது சடசடப்பு. அந்தக் கொக்கியைக் கழற்றி, மெயின்-இன்னில் ஷார்ட் செய்த ஆர்சிஏ பிளக்கைச் செருகுங்கள். சத்தம் தொடர்ந்தால் பவர் ஆம்ப், நின்றால் டோன் போர்டு. அலையும் ஆஃப்செட்டை வைத்துப் பார்த்தால் பவர் ஆம்ப்பின் உள்வாயிலில் இருக்கும் டிஃபரென்ஷியல் ஜோடிதான் (சிக்னலை முதலில் வாங்கும் இரட்டை டிரான்சிஸ்டர்) என் சந்தேகம். அந்தக் காலத்து 2எஸ்ஏ726, 2எஸ்சி458, 2எஸ்சி1345 போன்ற சின்ன டிரான்சிஸ்டர்கள் வயதானதும் இப்படிச் சடசடப்பதற்குப் பேர்போனவை. கால்கள் வெள்ளி பூசியவை, கறுத்துப்போயிருக்கும். மல்டிமீட்டர் டயோடு ரேஞ்சில் வைத்தால் "நல்லா இருக்கு" என்றுதான் காட்டும், ஏனென்றால் ஜங்ஷன் செத்துப்போகவில்லை, ஓட்டம்தான் நடுங்குகிறது. கண்டுபிடிக்க ஃப்ரீஸ் ஸ்ப்ரே: குழாய் முனையைத் தொடுகிற தூரத்தில் வைத்து ஒரு டிரான்சிஸ்டருக்கு அரை விநாடி. சத்தம் சட்டென்று கூடினாலோ அடங்கினாலோ அதுதான். போர்டு முழுக்கப் பனி படர அடித்தால் எது என்று தெரியாது, ஈரம் வேறு சேரும். இதைச் செய்யும்போது நல்ல ஸ்பீக்கர் வேண்டாம். எறிந்தாலும் பரவாயில்லாத ஒன்று போதும்.

கிளீனர் அடித்தும் போகாத வால்யூம் கரகரப்பு பெரும்பாலும் அழுக்கு இல்லை. பாட் (வால்யூம் குமிழின் மாறும் ரெசிஸ்டர்) வழியாக டிசி ஓடுகிறது. சிக்னல் இல்லாமல், சோர்ஸ் எதுவும் செருகாமல், இன்புட் தேர்வை ஆக்ஸில் வைத்து பாட்டின் நடுக்காலில் டிசி மில்லிவோல்ட் அளந்து சொல்லுங்கள். ஒன்றிரண்டு மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஒரு கப்ளிங் கண்டென்சர் (டிசியைத் தடுத்து சிக்னலை மட்டும் விடுவது) கசிகிறது. எது என்று பிரிக்க ஒரு வழி: மீட்டரை பாட்டின் மேல்காலுக்கு மாற்றி, குமிழைத் திருப்புங்கள். அளவு மாறாமல் நின்றால் கசிவு பாட்டுக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில். திருப்பத் திருப்ப ஏறி இறங்கினால் நடுக்காலுக்குப் பின்னால் இருப்பதில்.

வலது சேனல் ரிலே காண்டாக்ட்தான், அநேகமாக. ஆனால் ஸ்பீக்கர் ஏ/பி சுவிட்சும் டேப் மானிட்டர் சுவிட்சும் அச்சு அசலாக இதே வேஷம் போடும். அதனால் 1 கிலோஹெர்ட்ஸ் சைன் மெல்லியதாகக் கொடுத்து, ரிலேவின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஏசி மில்லிவோல்ட் அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். ரிலேவைத் தாண்டும்போது குறைந்தால் ரிலே.

ஈயக்கம்பி:

மாறுமின் சொல்றது சரிதான், ஆனா ஒரு பக்கம் மட்டும். எலக்ட்ரோலைட்டிக்குக்கு ஆயுசு உண்டு, அரை நூற்றாண்டு ஆன சாமானை நம்பி ஸ்பீக்கர் மாட்ட முடியாது. எப்படியும் போர்டைக் கழற்றப் போறீங்க, அப்பவே மாத்திட்டா இன்னொரு தடவை திறக்க வேண்டாம். 105 டிகிரி வகை வாங்குங்க. வோல்ட் அதே, இல்லன்னா ஒரு படி மேல. மைக்ரோஃபாரட் அதே. நீல, ஆரஞ்சு சொட்டு மாதிரி இருக்கிற டான்டலம் எல்லாத்தையும் கண்ண மூடிட்டு எடுத்துருங்க: 1 மைக்ரோஃபாரட் வரை ஃபிலிம், அதுக்கு மேல நல்ல எலக்ட்ரோலைட்டிக். டான்டலம் கெட்டா கசிவு, இல்லன்னா முழு ஷார்ட்.

அந்தப் பழுப்பு, கண்டென்சர் ஒழுகினது இல்ல. ஆடாம இருக்க ஃபேக்டரியில வச்ச பசை. ஆனா அப்படியே விடாதீங்க. வயசாகி பழுப்பான பசை ஈரத்தை இழுக்கும், பக்கத்துல இருக்கிற ரெசிஸ்டர் கால், டயோடு கால், ஜம்பர் கம்பி எல்லாத்தையும் அரிச்சுடும், கொஞ்சம் கரண்டும் கடத்தும். மரக்குச்சியால சுரண்டி, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் போட்டுத் துடைச்சு, அடியில பச்சை பூத்த கால் இருந்தா அந்தச் சாமானை மாத்துங்க.

ஓம்_மீட்டர்:

இருவருக்கும் நடுவில் ஒரு வார்த்தை. "எப்படியும் போர்டைக் கழற்றுகிறோம்" என்பது அந்தக் காலத்து போர்டில் அவ்வளவு சுலபம் இல்லை. பழுப்பு ஃபினாலிக் போர்டு. சூடு கொஞ்சம் நின்றாலே செம்புத் தடம் உரிந்து வரும். 63/37 ஈயம் (சால்டர்), சால்டரிங் இரும்பு 330 முதல் 350 டிகிரி, ஒரு காலுக்கு 2-3 விநாடிக்கு மேல் வேண்டாம். வரவில்லை என்றால் புது ஈயம் கொஞ்சம் சேர்த்து, பிறகு உறிஞ்சுங்கள். வயர்-ராப் முறையில் சுற்றிய கம்பிகளை அசைக்காமல் போர்டைத் திருப்புங்கள். ஒரு கம்பி முறிந்தால் அடுத்தது முறியக் காத்திருக்கும்.

மெயின் ஃபில்டரை அளந்து பார்த்துவிட்டு மாற்றலாம். ஓய்வில் மொத்த ஓட்டம் 0.15 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 மைக்ரோஃபாரட்டில் 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் (டிசியில் எஞ்சும் ஏசி அலை) உச்சியிலிருந்து உச்சிக்கு 0.15 வோல்ட் வரும். மீட்டரின் ஏசி ரேஞ்சில் ஏறக்குறைய 45 மில்லிவோல்ட். இரண்டு ரெயிலிலும் (பிளஸ், மைனஸ் சப்ளை) இந்த அளவில் ஏறத்தாழ சமமாக இருந்தால் அவசரம் இல்லை. ஒன்று மட்டும் இரு மடங்கு காட்டினால் அது வற்றிவிட்டது. மாற்றும்போது 10,000 இடத்தில் 22,000 போடும் ஆசை பலருக்கு வரும். சுவிட்ச் போட்ட கணத்தில் ரெக்டிஃபையரும் பவர் சுவிட்ச்சும்தான் அதற்கு அடி வாங்கும். 12,000 வரை போகலாம், போதும்.

முதலில் சாகிறவை பெரியவை அல்ல, சூடான ரெசிஸ்டருக்குப் பக்கத்தில் வெந்துகொண்டிருக்கும் சின்னவை. ஜீனர் ரெகுலேட்டர் போர்டில் இருப்பவற்றைக் கேள்வி கேட்காமல் மாற்றுங்கள். அதேபோல் பவர் ஆம்ப்பின் ஃபீட்பேக் கண்டென்சர், 47 அல்லது 100 மைக்ரோஃபாரட்: அது கசிந்தால் ஆஃப்செட் ஏறும். பவர் சுவிட்ச்சின் குறுக்கே இருக்கும் 0.01 மைக்ரோஃபாரட்டுக்கு எக்ஸ்2 வகை (மெயின் லைனுக்கான பாதுகாப்புக் கண்டென்சர்) மட்டும். அந்த இடத்தில் சாதாரண ஃபிலிம் போடுவது தப்பு.

ஒரு கேள்வி: பயஸ் (சிக்னல் இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடும் ஓட்டம்) அளந்தீர்களா?

சுருதிப்பெட்டி:

அளந்தவை: கொக்கியைக் கழற்றி மெயின்-இன்னை ஷார்ட் செய்தும் இடது சடசடப்பு நிற்கவில்லை. உள்வாயிலில் 2எஸ்ஏ726 ஜோடி இருக்கிறது, இரண்டின் காலும் கறுப்பு. ஃப்ரீஸ் ஸ்ப்ரே பட்டதும் ஒன்றில் சத்தம் பொரிந்து தள்ளுகிறது, மற்றதில் மாற்றம் இல்லை.

பாட் 50 கிலோஓம். நடுக்காலில் இடது 40, வலது 26 மில்லிவோல்ட், குமிழ் முழுக்கத் திறந்த நிலையில். மேல்காலில் வைத்துத் திருப்பினால் அளவு கூடவே ஏறி இறங்குகிறது.

ரிலே உள்பக்கம் 52 மில்லிவோல்ட் ஏசி, வெளிப்பக்கம் 3.

பயஸ், 0.47 ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே 15 நிமிடம் கழித்து: இடது 9 மில்லிவோல்ட், வலது 31. ரிப்பிள் இரண்டு ரெயிலிலும் 50க்கு அருகில்.

2எஸ்ஏ726 இடத்தில் பிசி560 கையில் இருக்கிறது. போடலாமா?

மாறுமின்:

பிசி560 வேண்டாம், இரண்டு காரணம். அதன் தாங்குதிறன் 45 வோல்ட். உங்கள் ஜோடியின் எமிட்டர் 0.6 வோல்ட்டில் நிற்கும், கலெக்டர் மைனஸ் 41க்குப் பக்கத்தில், ஆக நடுவில் ஏறக்குறைய 42 வோல்ட். மெயின் லைன் கொஞ்சம் ஏறினாலே எல்லை தாண்டிவிடும். கால் வரிசையும் வேறு: ஜப்பானிய வகையில் எமிட்டர், கலெக்டர், பேஸ், பிசி வரிசையில் கலெக்டர், பேஸ், எமிட்டர். கேஎஸ்ஏ992 வாங்குங்கள். 120 வோல்ட் தாங்கும், இரைச்சல் குறைவு, கால் வரிசை பழையதைப் போலவே. ஆனாலும் வாங்கிய கடையின் டேட்டாஷீட்டில் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் செருக வேண்டும். எதிர்வகை, அதாவது என்பிஎன் ஜோடி உள்ள ஆம்ப்புக்குக் கேஎஸ்சி1845.

நான்கு தேவை என்றால் பத்து வாங்கி, மீட்டரின் எச்எஃப்இ (ஓட்டப் பெருக்கம் அளக்கும்) துளையில் ஜோடி சேருங்கள். 5 சதவீதத்துக்குள் வரவேண்டும். கையில் பிடித்து செருகியதும் படிக்காதீர்கள், விரல் சூட்டிலேயே எண் ஏறும். ஒரு நிமிடம் விட்டுப் படியுங்கள். ஜோடியின் தட்டையான முகங்களை எதிரெதிரே ஒட்டி, நடுவில் துளி ஹீட்சிங்க் பேஸ்ட், மேலே ஹீட்ஷ்ரிங்க் குழாய். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால்தான் ஆஃப்செட் நகராது. சத்தம் போடுவது ஒன்றுதான் என்றாலும் ஜோடியாகவே மாற்றுங்கள். வலது சேனலிலும் அதே டிரான்சிஸ்டர், அதே வயது, அங்கேயும் சேர்த்து.

வால்யூம்: கசிவு நடுக்காலுக்குப் பின்னால். 50 கிலோஓமில் 40 மில்லிவோல்ட் என்றால் 0.8 மைக்ரோஆம்ப்தான், ஆனால் கரகரப்புக்கு அதுவே தாராளம். டோன் போர்டின் உள்வாயில் கண்டென்சரைத் தேடுங்கள். பெரும்பாலும் 1 முதல் 4.7 மைக்ரோஃபாரட், அதிலும் டான்டலமாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஃபிலிம் வகை போட்டால் திசையும் பார்க்க வேண்டாம், கசிவும் இல்லை. 4.7 ஃபிலிம் உருவத்தில் பெரியது. இடம் இல்லாவிட்டால் அடுத்த கட்டத்தின் உள்ரெசிஸ்டன்ஸைப் பாருங்கள். 47 கிலோஓம் என்றால் 1 மைக்ரோஃபாரட்டிலேயே பாஸ் வெட்டு 3.4 ஹெர்ட்ஸ்தான், காதுக்குத் தெரியாது.

ஈயக்கம்பி:

ரிலே: காண்டாக்ட்ல உப்புத்தாள் போடவே கூடாது. மேல் பூச்சு போயிடும், கொஞ்ச நாள்ல பழையபடி. தற்காலிகமா ஒரு வெள்ளைத் தாள் துண்டுல காண்டாக்ட் கிளீனர் நனைச்சு, காண்டாக்ட்டுக்கு நடுவுல வச்சு, விரலால மெல்ல அமுக்கி இழுங்க. தாள்ல கறுப்பு வர்றது நிக்கிற வரைக்கும். 52 போட்டு 3 வருதுன்னா புதுசு மாட்டறதுதான் உருப்படி. வாங்கும்போது காயில் வோல்ட் மட்டும் பாத்தா போதாது, காயில் ஓமும் பழையதோட ஒத்துப் போகணும். பல ஆம்ப்ல காயிலோட சீரீஸ்ல ரெசிஸ்டர் இருக்கும். ஓம் மாறினா 24 வோல்ட் காயிலுக்கு 24 வோல்ட் போய்ச் சேராது. கால் அமைப்பு பொருந்தலன்னா போர்டைத் தோண்டாம, கம்பி இழுத்து ஓரமா மாட்டுங்க.

கண்டென்சர் கிட் விஷயத்துல ரிப்பிள் அளவு பாத்ததும் நான் பின்வாங்கறேன். மெயின் ஃபில்டரைத் தொட வேண்டாம். சின்னதுகளை மட்டும் பாருங்க.

ஓம்_மீட்டர்:

31 மில்லிவோல்ட்டை 0.47 ஓமால் வகுத்தால் 66 மில்லிஆம்ப். இடது 19. மேனுவல் இல்லாத நிலையில் 10 முதல் 14 மில்லிவோல்ட், அதாவது 21 முதல் 30 மில்லிஆம்ப், இந்த வகை ஆம்ப்புக்குப் பாதுகாப்பான அளவு. அதற்குக் கீழே போனால் மெல்லிய ஒலியில் கிராஸ்ஓவர் முரடு (இரண்டு அவுட்புட் டிரான்சிஸ்டரும் கைமாறும் இடத்துச் சிதைவு) தெரியும்.

ஆனால் பழைய திறந்த பிரீசெட்டை (பயஸ் வைக்கும் குட்டி மாறும் ரெசிஸ்டர்) திருப்பி சரிசெய்யாதீர்கள். அதுதான் இந்த வேலையிலேயே ஆபத்தான இடம். பயஸ் டிரான்சிஸ்டரின் பேஸுக்குப் போகும் பிரீசெட்டின் நடுமுனை ஒரு கணம் தொடுப்பு விட்டால், அந்த டிரான்சிஸ்டர் மூடிக்கொள்ளும், அவுட்புட் ஜோடி முழு வேகத்தில் திறந்துகொள்ளும், மூக்குக்கு வாசனை வருமுன் டிஓ-3 போய்விடும். பழையதைக் கழற்றி, எந்த இரண்டு கால் நடுவில் எத்தனை ஓம் என்று அளந்து எழுதிவைத்து, அதே மதிப்புள்ள மூடிய செர்மெட் பிரீசெட்டை அதே ஓமுக்குத் திருப்பிவிட்டு மாட்டுங்கள். வலதில் 66 காட்டிய நிலையிலிருந்து எந்தப் பக்கம் போனால் குறையும் என்று தெரியாவிட்டால், இடது சேனலின் ஓமை அளந்து அதையே வலதிலும் வையுங்கள்.

பயஸுக்குப் பிரீசெட்டோடு டிரான்சிஸ்டர் இல்லாமல் ஹீட்சிங்க்கில் ஒட்டிய வாரிஸ்டர் டயோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். எஸ்டிவி-3எச், விடி1212 போன்றவை கால் முறிந்து ஓபன் ஆகும். விளைவு மேலே சொன்னதேதான். தேவைப்பட்டால் 1என்4148 டயோடுகளைச் சீரீஸில் போடலாம்: பழையதன் இறக்கம் 1.2 வோல்ட் அளவு என்றால் இரண்டு, 1.8 என்றால் மூன்று. ஹீட்சிங்க்கோடு சூடு ஒட்டும்படி பேஸ்ட்டோடு அழுத்திப் பொருத்தவேண்டும். காற்றில் தொங்கவிட்டால் ஆம்ப் சூடேறச் சூடேற பயஸ் தானாக ஏறிக்கொண்டே போகும்.

அளக்கும் முறை: ஆஃப் நிலையில் முதலைக் கிளிப் மாட்டிவிட்டு, பிறகு சுவிட்ச். கையால் பிடித்த முனை வழுக்கி கலெக்டரையும் பேஸையும் தொட்டால் அந்த ஒரு நொடியே போதும். மீட்டர் முனை எதுவும் சேஸிஸில் இருக்கக்கூடாது. முதல் சுவிட்ச் சீரீஸ் பல்போடு. பல்பு மங்கினதும், ஆஃப்செட் ஒரு வோல்ட்டுக்குக் கீழே இருப்பதும் உறுதியானதும் பல்பை எடுங்கள். பல்போடு பயஸ் வைக்காதீர்கள், ரெயில் வோல்ட் தாழ்ந்திருப்பதால் அளவு பொய். பல்பு இருக்கும்போது ரிலே அடிக்காமல் போனாலும் கவலைப்பட வேண்டாம், அதே காரணம்தான்.

பின்பக்க வோல்டேஜ் செலக்டரையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். லைன் 240 வந்து செலக்டர் 220இல் நின்றால் ரெயில்கள் 9 சதவீதம் மேலே ஓடும். 42 என்று நீங்கள் அளந்தது அந்த உயர்வோடு சேர்த்தா என்று தெரிந்துகொள்வது நல்லது.

சுருதிப்பெட்டி:

செலக்டர் 240இல் இருக்கிறது, லைன் 232. இரண்டு சேனலிலும் கேஎஸ்ஏ992 ஜோடிகள் போட்டாயிற்று, சடசடப்பு இல்லை. ஆஃப்செட் இடது 11, வலது 9, அலைவு இல்லை. டோன் போர்டு உள்வாயிலில் 2.2 மைக்ரோஃபாரட் டான்டலம்தான் இருந்தது. ஃபிலிம் போட்டபின் நடுக்காலில் 0.3 மில்லிவோல்ட், கரகரப்பும் நின்றது. பிரீசெட் புதிது, பயஸ் இரண்டிலும் 12. ரிலே வரவேண்டும், இப்போதைக்குத் தாள் வைத்தியம்.

ஒரு சந்தேகம். பழுப்புப் பசையைச் சுரண்டும்போது ரெகுலேட்டர் பக்கத்தில் சாம்பல் நிற ரெசிஸ்டர் ஒன்று கண்ணில் பட்டது. வண்ண வளையம் 100 ஓம், ஒரு காலைத் தூக்கி அளந்தால் 171.

மாறுமின்:

ஃபியூசிபிள் ரெசிஸ்டர். அதிக ஓட்டத்தில் தானே எரிந்து மற்றவற்றைக் காப்பாற்றப் போட்டது. வயதானதும் மதிப்பு மேலே நகர்வது இதன் பழக்கம், வெளியே கருகல்கூடத் தெரியாது. அதே நிறத்தில் இருப்பதையெல்லாம் ஒரு கால் தூக்கி அளந்து, 10 சதவீதத்துக்கு மேல் விலகியதை மாற்றுங்கள். அதே ஓம், அதே வாட், தீப்பிடிக்காத மெட்டல் ஃபிலிம் அல்லது புது ஃபியூசிபிள். கையில் இருக்கிறதே என்று கார்பன் ரெசிஸ்டர் போட்டால், நாளைக்கு ரெகுலேட்டர் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகும்போது அது எரிந்து அறுபடாமல் தீயாக நிற்கும்.

ஓம்_மீட்டர்:

அதை மாற்றினதும் ரெகுலேட்டர் வோல்ட் ஏறும், டோன் போர்டின் நிலைகளும் நகரும். ஆகவே ஆஃப்செட்டையும் பயஸையும் மேல்மூடி மாட்டி ஒரு மணி நேரம் ஓடவிட்டபின் மறுபடி அளங்கள். மூடி இல்லாமல் 12 வைத்தது, உள்ளே சூடு தங்கியதும் 14, 15க்குப் போகலாம். அதுவரை சரி. 20ஐத் தாண்டி இன்னும் ஏறிக்கொண்டிருந்தால் ஆஃப் செய்துவிட்டு, பயஸ் உணரி ஹீட்சிங்க்கில் உட்கார்ந்திருக்கும் விதத்தையும் டிஓ-3 அடியில் இருக்கும் பழைய பேஸ்ட்டையும் பாருங்கள். அது காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தால் மைக்கா தகட்டை (மின்தடுப்பு) துடைத்துப் புதுப் பேஸ்ட் தடவி, திருகை இறுக்கிய கையோடு, டிரான்சிஸ்டரின் உடம்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் மீட்டர் எல்லையின்மை காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு சுவிட்ச் போடுங்கள். டிஓ-3இல் அந்த உடம்பேதான் கலெக்டர்.